முழுஎண் அளவு நிர்ணயக் குழுவின் ஏழு கூட்டங்கள்

ஒரு முழு எண் எவ்வளவு பெரியது என்று முடிவு செய்ய எங்கள் நிலையம் ஏழு கூட்டம் போட்டது. அந்த ஏழு கூட்டமும் முடிவதற்குள் என் அக்கா புருஷன் தனகோடி ஆறு தடவை ஆறாம் அறைக்குள் போய்வந்தார். கூட்டத்துக்குப் போனவர்களுக்கு முந்திரி பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். ஆறாம் அறைக்குப் போனவருக்கு ஒரு டம்ளர் மோர்.

கீழைக் கடற்கரைக் கதிர்ச்சுத்தி நிலையம் என்று பெயர். சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே, கடப்பாக்கம் போகிற சாலையில், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரிய அணுமின் நிலையத்துக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்களுடையது சின்னக் கடை. ஊசி, பஞ்சு, கட்டுத்துணி, மிளகாய்த்தூள் எல்லாம் அட்டைப்பெட்டியில் வரும். டிராலியில் ஏற்றி ஒரு கதிர்க்கம்பியைச் சுற்றி வலம் வரவைத்து அனுப்புவார்கள். கிருமி செத்துவிடும். அந்தக் கம்பி இருக்கிற இடம்தான் ஆறாம் அறை. பெட்டி கவிழ்ந்தாலோ டிராலி சிக்கினாலோ கம்பியைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு ஒரு ஆளை உள்ளே விடுவார்கள். பழைய கம்பி. இறக்கினாலும் அறை முழுசாக அடங்காது. இது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் காண்ட்ராக்ட் ஆளை விடுவார்கள்.

உள்ளே போகிறவர் கழுத்தில் ஒரு பேட்ஜ் தொங்கும். எவ்வளவு கதிர் பட்டது என்று அளப்பதோடு அதன் வேலை முடிந்தது. தொழிலாளிகள் அதைத் தாயத்து என்றார்கள். அது காப்பாற்றும் என்று நம்பினார்கள். யாரும் திருத்தவில்லை. நம்புகிற ஆள் சீக்கிரம் வேலையை முடிக்கிறான்.

விதி சுலபமானது. ஒரு ஆள் மொத்தமாக நாற்பதாயிரம் புள்ளி வரை வாங்கலாம். அதற்குமேல் உடம்பு தாங்காது என்று டாக்டர்கள் போட்ட எல்லை. தாண்டினால் அவரை வெளிவேலைக்கு மாற்றிவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு ஆயிற்று என்று கம்ப்யூட்டர் கூட்டும். ஆறாம் அறையில் வேலை வந்தால், இருப்பதிலேயே குறைந்த புள்ளிக்காரர் பெயரை முதலில் போட்டு ஒரு லிஸ்ட் கொடுக்கும். காண்ட்ராக்டர் காசிநாதன் அதை போர்டில் ஒட்டுவார். முதல் பெயர் உள்ளே போகும். நியாயமான ஏற்பாடு. இதில் நான் இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

1999 ஜூலையில் அங்கே சேர்ந்தேன். ஆண்டு இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி தெரியாமல் போய்விடும் என்று உலகமே நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்தில் எனக்கு ஆறு மாத வேலை கிடைத்தது. என் பெயர் வேண்டா. மூன்றாவது பெண், நான்காவதாவது பையனாகப் பிறக்கட்டும் என்று வைத்தார்கள். நான்காவதும் பெண். செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்தேன். திருக்கழுக்குன்றத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எங்கள் வகையறாவில், பட்டம் வாங்கிய முதல் ஆள். தேதி எழுதியிருக்கிற இடத்திலெல்லாம் இரண்டு இலக்கத்தை நான்காக்குவது என் வேலை.

தேதியைத் தேடிப்போன இடத்தில் மாமாவைப் பார்த்தேன். லிஸ்டில் முதல் பெயர். தனகோடி, மைனஸ் 31,206.

ஏழு வருஷமாக அந்த அறைக்குள் போய்வருகிற மனிதருக்கு மைனஸ் எப்படி வரும் என்று தோண்டினேன். புரோகிராம் சி மொழியில் எழுதியது. மொத்தப் புள்ளியை 'இன்ட்' என்கிற பெட்டியில் போட்டிருந்தார்கள். முழு எண்ணை வைக்கிற பெட்டி. அந்தப் பழைய மெஷினில் இன்ட் என்றால் இரண்டு பைட். அதில் 32,767 வரைதான் கொள்ளும். இன்னும் ஒன்று சேர்த்தால் பெட்டி வழியாது, சத்தம் போடாது, கவிழ்ந்துவிடும். மைனஸ் 32,768 என்று காட்டும். அங்கிருந்து மறுபடி மேலே ஏற ஆரம்பிக்கும்.

பேட்ஜ் சீட்டுகளை எடுத்துவைத்துக் காகிதத்தில் கூட்டினேன். மாமாவின் உண்மையான மொத்தம் 34,330. ஆறாம் அறை ஒரு தடவைக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் வைக்கும். இன்னும் ஆறு தடவை தாங்குவார். ஏழாவது தடவை போகக்கூடாது.

அப்புறம்தான் மிச்சமும் உறைத்தது. முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்தில் கவிழ்கிற பெட்டி நாற்பதாயிரத்தைத் தொடவே தொடாது. இந்த நிலையத்தில் எல்லையைத் தாண்ட ஒருத்தராலும் முடியாது. ஒன்பது வருஷமாக ஒருத்தரும் தாண்டவும் இல்லை. அதற்காகக் கேடயம் வாங்கி வரவேற்பறையில் வைத்திருந்தார்கள். போதாததற்கு, கவிழ்ந்தவருக்கு மைனஸ் என்பதால், குறைந்த புள்ளிக்காரர் என்று லிஸ்டில் அவர்தான் முதலில் வருவார். யாரை உள்ளே விடவே கூடாதோ அவரைத்தான் கம்ப்யூட்டர் தேடித்தேடி அனுப்பியது.

கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் ஹரிகிருஷ்ணனிடம் காகிதத்தைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. பீரோவைத் திறந்து, சி மொழியின் விதிப்புத்தகம் என்று ஒரு ஜெராக்ஸ் கட்டை எடுத்தார்.

“இன்ட் இரண்டு பைட்டுன்னு உனக்கு யாரும்மா சொன்னது? குறைஞ்சது பதினாறு பிட், அதாவது ரெண்டு பைட், இருக்கணும்னுதான் விதி. அதுக்குமேல எவ்வளவுங்கறது செய்யறவன் இஷ்டம். மொழியைப் படைச்சவங்களே அளவு சொல்லாம விட்டிருக்காங்க. நேத்து வந்த நீ சொல்றியா?”

நான் லாங் என்கிற பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அது எந்த மெஷினிலும் நான்கு பைட்டுக்குக் குறையாது. இன்ட் என்று இருக்கிற இடத்தில் லாங் என்று ஒரே ஒரு வார்த்தையை மாற்றினால் போதும். லாங் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. விதிப்புத்தகத்தில் அவருக்கு மிகவும் பிடித்த இடமாம் அது. ஷார்ட், இன்ட், லாங் மூன்றுக்கும் திட்டமான அளவு கிடையாது. குறைந்தபட்சம் மட்டும் உண்டு. மற்றபடி இன்ட் ஷார்ட்டைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. லாங் இன்ட்டைவிடச் சின்னதாக இருக்கக்கூடாது. சமமாக இருந்தால் பரவாயில்லை.

“இதைவிட அழகா ஒரு ஆபீசை நடத்த முடியாதும்மா,” என்றார். “மேல இருக்கறவன் கீழ இருக்கறவனைவிடச் சின்னவனா இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். எவ்வளவு பெரியவன்னு யாரும் அளந்து பார்க்கக்கூடாது.”

அளந்து காட்டினேன். தேதிக் காய்ச்சலில் வாங்கிய புது மெஷின் ஒன்று மூடிபோட்டு வைத்திருந்தது. அதில் இன்ட் நான்கு பைட். அதே புரோகிராமை, அதே பேட்ஜ் சீட்டுகளை இரண்டிலும் ஓட்டினேன். ஒரு மேஜையில் மாமா மைனஸ் 31,206. பக்கத்து மேஜையில் 34,330. இயக்குநர் நரசிம்மனே எழுந்து வந்து பார்த்தார். இரண்டு திரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இதில் எது சீனியர் என்று கேட்டார். பழையதற்குச் சொத்துப் பதிவேட்டில் எண் பதினான்கு. புதியதற்கு இன்னும் எண்ணே கொடுக்கவில்லை. அப்படியானால் பதினான்கு சொல்வதுதான் தற்போதைக்கு நிலையத்தின் கருத்து என்று தீர்ப்பாயிற்று. ஒரு வார்த்தையை மாற்றுவது கொள்கை முடிவு. கொள்கை முடிவுக்குக் குழு வேண்டும். ஆகஸ்டில் முழுஎண் அளவு நிர்ணயக் குழு அமைந்தது. மினிட்ஸ் எழுதவும் எத்தனை டீ என்று கேண்டீனுக்குச் சொல்லவும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்தில் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்தார்கள். அந்த வாரம் டிராலி சிக்கியது. மாமா 35,245.

இரண்டாவது கூட்டத்தில், எண் என்றால் என்ன என்று தொடங்கி மதியச் சாப்பாடு வரைக்கும் பேசினார்கள். மிளகாய்த்தூள் பெட்டி உடைந்தது. மாமா 36,135.

ஆவணி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி கவிழ்வதை ஒரு சொம்பை வைத்துக் காட்டினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். படித்த பெண் பேசுகிறாள் என்கிற மரியாதை அவருக்கு எப்போதும் உண்டு.

“சரி வேண்டா, நீ சொல்றது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆபீஸ்ல அத்தினி பேரும் படிச்சவங்கதான? அவுங்க கம்ப்யூட்டர் வெச்சிக்கினு தப்பா போடுவாங்களா? நீ போயி சேர்ந்து ரெண்டு மாசம் ஆவுது.”

“போகாதீங்க மாமா. உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க.”

“லிஸ்ட்ல மொதப் பேரு என்னுது. போவலன்னா கேட் பாஸைப் பிடுங்கிக்கினு அனுப்புவான் காசிநாதன். அப்புறம் இன்னா, நீ சோறு போடுவியா?”

கேலியாகத்தான் சொன்னார். அக்கா தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. அவர் கை நகங்கள் அடியில் கறுத்துவருவதை அவள்தான் எனக்குக் காட்டினாள். நிலையத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் லிஸ்டைப் பார்த்தார். மைனஸ் என்று இருக்கவும், கதிரால் இருக்க வாய்ப்பே இல்லை, சேற்றுப்புண் என்று எழுதி ஒரு களிம்பு கொடுத்தார். மாமாவின் நிலம் போய் ஏழு வருஷம் ஆகிறது. அவர் சேற்றில் கால் வைத்தே ஏழு வருஷம் ஆகிறது.

மூன்றாவது கூட்டம் மாமல்லபுரத்தில், கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில். சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். ஜாவா என்று ஒரு புது மொழி வந்திருக்கிறது, அதில் இன்ட் எந்த ஊரில் எந்த மெஷினில் ஓடினாலும் முப்பத்திரண்டு பிட்தான், கூடவும் கூடாது, குறையவும் குறையாது என்றார். ஹரிகிருஷ்ணன்தான் முதலில் எழுந்தார். எல்லாவற்றையும் மொழியே முடிவு செய்துவிட்டால் உள்ளூர் நிர்வாகம் எதற்கு இருக்கிறது என்று கேட்டார். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள். பேராசிரியருக்குச் சங்கு மாலை போட்டு அனுப்பினார்கள். மாமா 37,040.

அக்டோபரில் பாதுகாப்பு தினம். பந்தல் போட்டு, கேடயத்துக்குப் பூப்போட்டு வைத்திருந்தார்கள். இந்த வருஷம் புதிதாக ஒரு பரிசு, மிகக் குறைந்த புள்ளி பெற்ற தொழிலாளிக்கு. மைக்கில் மாமா பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். இயக்குநர் சால்வை போர்த்தினார். கறுத்த நகங்களுள்ள கையைப் பிடித்துக் கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார்.

“பூஜ்ஜியம் என்றால் என்ன? தாய் வயிற்றிலிருந்து வந்த நிலை,” என்று தொடங்கினார். “நம் தனகோடி பூஜ்ஜியத்துக்கும் கீழே இருக்கிறார். இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்ததைவிட இன்று சுத்தமாக இருக்கிறார். ஊசியைச் சுத்தம் செய்கிறோம், பஞ்சைச் சுத்தம் செய்கிறோம் என்று வெளியே சொல்கிறார்கள். நாம் மனிதனையும் சுத்தம் செய்கிறோம். கணக்கே அதைச் சொல்கிறது. கணக்கை மீறி மனிதனைப் பார்க்கிற பழக்கம் இந்த நிலையத்தில் கிடையாது.”

கைதட்டல் ஓய நேரமாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து மற்ற தொழிலாளிகள் காசிநாதனிடம் போய், தங்களுக்கும் மைனஸ் வர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அடிக்கடி ஆறாம் அறைக்குப் போனால் வரும் என்று அவர் சொன்னார். நான் அறிந்து அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். மாமாவின் போட்டோ கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டப்பட்டது. சால்வை போர்த்திய மூன்றாம் நாள் 37,920.

நான்காவது கூட்டம் மைனஸ் என்பது குறையா நிறையா என்று விவாதித்தது. ஐந்தாவது, நான்காவதன் மினிட்ஸை ஏற்றுக்கொண்டது. ஆறாவதில் கோரம் இல்லை, கூட்டம் நடத்தப் போதுமான ஆள் வரவில்லை. பிஸ்கட்டைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் மாமா 39,725. எல்லைக்கு இருநூற்று எழுபத்தைந்து பாக்கி. அறைக்குள் ஒரு தடவை போனால் தொள்ளாயிரம்.

அந்தத் திங்கட்கிழமை, எல்லோரும் கேண்டீனுக்குப் போயிருந்த நேரத்தில், பழைய மெஷினில் இன்ட் என்பதை லாங் என்று மாற்றினேன். நான்கு எழுத்து. பேட்ஜ் சீட்டுகளை முதலிலிருந்து கூட்டவிட்டேன். பத்து நிமிஷம் ஓடி, பிரிண்டர் லிஸ்டைத் துப்பியது. மாமா கடைசிப் பக்கத்துக்குப் போயிருந்தார். எல்லையைத் தாண்டியவர்கள் என்று ஒன்பது வருஷமாகக் காலியாக வந்த கட்டத்தில் பதினொரு பெயர். ஒருத்தருக்கு அறுபத்தேழாயிரம். மைனஸில் விழுந்து, ஏறி, பூஜ்ஜியத்தைத் தாண்டி, நேற்றுச் சேர்ந்தவர் மாதிரி ஆயிரத்துச் சொச்சத்தில் காட்டிக்கொண்டிருந்தவர். லிஸ்டை போர்டில் நானே ஒட்டினேன்.

மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். விசாரணை என்று சொல்லவில்லை; அதுதான் ஏழாவது கூட்டம் என்றார்கள். பதினொரு பேர் எல்லையைத் தாண்டியிருப்பது பற்றி எல்லோருக்கும் உண்மையிலேயே அதிர்ச்சி. அதை நான் மறுக்கமாட்டேன். பகல் பன்னிரண்டரை வரைக்கும் ஒருவரும் தாண்டவில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்றரைக்குப் பதினொரு பேர் தாண்டியிருக்கிறார்கள். இடையில் ஆறாம் அறை பூட்டியிருந்தது. மெஷினைத் தொட்டது நான் ஒருத்தி.

“ஒரே மதியத்துல பதினோரு பேர் உடம்பைக் கெடுத்திருக்கே,” என்றார் ஹரிகிருஷ்ணன். “கம்பியால ஒன்பது வருஷத்துல முடியாதது.”

கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கிக்கொண்டேன். வேலை அன்றோடு போயிற்று. புரோகிராமில் பழைய வார்த்தையைத் திரும்ப வைத்தார்கள். பதினொரு பேரும் குணமானார்கள். மாமா மைனஸ் 25,811 என்று முதல் இடத்துக்கு வந்தார். டிசம்பர் கடைசிவரை கதிர்ச்சுத்தியை நிறுத்திவைத்து, தேதி மாறுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். ஜனவரி முதல் தேதி ஒன்றும் ஆகவில்லை. அதற்கு லட்டு கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் நிலையம் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் கேட்டுக்கு வெளியே, டீக்கடைப் பக்கம் காலையிலேயே போய் நின்றேன். மாமாவை எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று வந்திருந்தேன். அவரோ சைக்கிளை விட்டு இறங்கும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

“ஜெயிச்சிட்ட போ. நேத்து டைரக்டரே மைக்குல சொன்னாரு. ஒரு பொண்ணு கேள்வி கேட்டுச்சு, அத்த மதிச்சி வரம்பைக் கொறச்சிட்டோம்னு. நாப்பதாயிரம் இல்ல இனிமே. முப்பத்திரண்டாயிரத்து எழுநூத்திச் சொச்சமாம். அவ்ளோ கண்டிசன்.”

எத்தனை சொச்சம் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். 32,767.

அந்தப் பெட்டியில் கொள்ளும் மிகப் பெரிய எண் அது. அதற்குமேல் ஒன்று என்று அந்த மெஷினுக்கு ஒன்று இல்லவே இல்லை. குழு எப்படி அந்த எண்ணைப் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. என் காகிதத்திலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

படிவத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் பாஸ். எட்டாம் வகுப்புக்குக் கீழே படித்தவர்களுக்கு, படித்துச் சொன்னவர் என்று கீழே இன்னொருவர் கையெழுத்து வேண்டும். மாமா ஐந்தாவது. அதற்காகத்தான் என்னைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

படித்தேன். “இந்நிலையத்தின் கணக்குப்படி நான் 32,767 புள்ளிகளைத் தாண்டவில்லை என்றும், இனி தாண்டவும் இயலாது என்றும் உறுதி கூறுகிறேன்.” அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

அவரை சைக்கிளோடு ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். இந்தப் புது வரம்பின்படி பார்த்தால் அவர் ஏழாயிரம் புள்ளிக்கு முன்னாலேயே நின்றிருக்க வேண்டும் என்றேன். பழைய வரம்பின்படி பார்த்தாலும் இன்றைக்கு உள்ளே போகக்கூடாது என்றேன். நகலெடுத்து வைத்திருந்த பேட்ஜ் சீட்டுகளையும் என் கூட்டலையும் காட்டினேன். 39,725. அவர் அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு நிமிஷம் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

“இதுல சீல் இல்லியே வேண்டா,” என்றார்.

உள்ளே காசிநாதன் லிஸ்டை ஒட்டிவிட்டு மாமா பெயரைக் கூப்பிட்டார். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார். மாமா என் கையிலிருந்த பேனாவை வாங்கி, சைக்கிள் சீட்டில் வைத்துத் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். எனக்குப் பேனாவை நீட்டினார். நான் போடவில்லையென்றால் காசிநாதன் போடுவார். பார்க்காமலேயே போடுவார்.

படித்துச் சொன்னவர் என்கிற இடத்தில் எழுதினேன்: இவருடைய மொத்தம் 39,725. உள்ளே விடக்கூடாது. வேண்டா, பி.எஸ்ஸி.

கேட் ஜன்னலில் இருந்த குமாஸ்தா படிவத்தை வாங்கினார். கீழே எழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மையில் ஒற்றி, என் எண்ணின் மேலேயே நிலையத்தின் வட்ட முத்திரையை அழுத்தி வைத்தார். ஊதா நிறம், தெளிவாக விழுந்தது. அவரிடம் படியுங்கள் என்றேன். மாமாவிடம் பாஸைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜன்னல் கம்பி வழியாக மாமாவைக் கத்திக் கூப்பிட்டேன், சீல் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று. அதற்குள் அவர் உள்வாசலைத் தாண்டியிருந்தார்.